வெளிச்சம் சுரண்டிய மணிக்கூடு

மாங்குளம் சந்தியிலிருந்து மல்லாவிக்குத் திரும்பும் வீதியில், உரக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது என் மணிக்கூட்டுக் கடை. ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அகலம். பற்றரி மாற்றவும், அறுந்த வாருக்குப் புது வார் போடவும்தான் சனம் பெரும்பாலும் வரும். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வெள்ளைத் துணி விரித்த சின்ன மேசை ஒன்று உண்டு. அதில் நடக்கிற வேலை வேறு. விலை கூடிய பழைய மணிக்கூட்டைக் கையில் வைத்திருப்பவர்கள், அது உண்மையானதா, எந்தக் காலத்தில் செய்தது, உள்ளே எது மாறியிருக்கிறது என்று அந்த மேசையில்தான் கேட்கிறார்கள். வவுனியாவிலிருந்து வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார்கள். கொழும்பிலிருந்துகூட பஸ்ஸில் பொதி கட்டி அனுப்புகிறார்கள். இதைச் சொல்லும்போது என் பேச்சில் பெருமை தெரிந்தால் தெரியட்டும். தற்பெருமை கூடாது என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லாரும், பெருமைப்பட ஏற்கெனவே ஏதாவது வைத்திருந்தவர்கள்.

எங்களுடையது மலைநாட்டில் கொழுந்து பறித்த குடும்பம். கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து காடு வெட்டி இருந்தவர்கள். வளர்ந்த பிறகு நான் கொழும்புக்குப் போனது, பழைய மணிக்கூடு வாங்கி விற்கும் பெரிய கடையொன்றில் கூட்டித் துடைக்கும் வேலைக்கு. தரையில் தூசுபோலக் கிடந்த திருகாணிகளைக் கூட்டித் தள்ளாமல் பொறுக்கிக் கொடுத்தேன். பிறகு எது எந்த மணிக்கூட்டினுடையது என்றும் சொல்லத் தொடங்கினேன். கொஞ்சக் காலத்தில் தும்புத்தடி வேறொருத்தி கைக்குப் போய்விட்டது, எனக்கு மேசை வந்துவிட்டது. “தோட்டக்காட்டாருக்கு மணிக்கூடு என்னத்துக்கு” என்று ஒரு காலத்தில் கேட்ட வாய்கள் உண்டு. அந்த வாய்கள் இப்போது என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “இது ஒறிஜினலோ பிள்ளை?” என்று கேட்கின்றன. நான் உடனே பதில் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டுமே.

காலபோக நெல் அறுவடை முடிந்த கையோடு ஒரு முற்பகலில், துணுக்காய்ப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தா. ஐம்பதை ஒட்டிய வயது. புருசன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு உள்ளே வராமல் எதிரே நின்ற வேப்பமரத்துக்குக் கீழே நின்றுகொண்டார். அக்கா லேஞ்சியில் முடிந்திருந்ததை அவிழ்த்து மேசையில் வைத்தா. உருக்குச் சங்கிலி போட்ட, கறுத்த முகமுள்ள மணிக்கூடு. பெயரைச் சொல்ல மாட்டேன். சுவிஸில் செய்தது, பெயரைக் கேட்டால் கல்யாண வீட்டில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது போதும்.

“தங்கச்சி, இதை ஒறிஜினலாக்கித் தருவீங்களோ?”

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வருவது வழக்கம். அன்றும் வந்தது.

“அக்கா, ஒறிஜினலாக்கிறதெண்டு ஒரு வேலை இல்லை. இருந்தா இருக்கும், இல்லாட்டி இல்லை. அப்பிடி ஆக்கித் தாறவை ஆரும் இருந்தா எனக்கும் சொல்லுங்கோ, பொலிசுக்குச் சொல்லவேணும்.”

அக்கா சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு கொத்துரொட்டிக் கடையில் தேத்தண்ணி சொல்லிவிட்டேன். தேத்தண்ணி ஆறும்வரை அவ சொன்ன கதை இதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி எடுத்து வயல் செய்கிற குடும்பம். புருசனுடைய அண்ணன் கப்பலில் வேலை செய்த காலத்தில் இந்த மணிக்கூட்டை வாங்கினார். பிறகு நோர்வேக்குப் போகும்போது, “கவனமா வைச்சிரு, வந்து வாங்கிறன்” என்று தம்பியின் கையில் கட்டிவிட்டார். தம்பி வைத்திருந்தார். சண்டை, இடப்பெயர்வு, முகாம் எல்லாவற்றிலும் அது அவர் கையிலேயே இருந்தது. போன வருசம் அண்ணன் வந்து அதை வாங்கிக்கொண்டு போனார். விமானத்துக்குப் போகிற வழியில், என்ன பெறுமதி என்று அறிய ஆசைப்பட்டுக் கொழும்புக் கடையொன்றில் காட்டியிருக்கிறார். கடைக்காரன் தலையை ஆட்டிவிட்டான். அண்ணன் அங்கேயிருந்தே மணிக்கூட்டைப் பொதி கட்டி, “உன்ர சாமானை நீயே வைச்சிரு” என்று பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டார். உண்மையானதை விற்றுப்போட்டுக் கள்ளச் சாமானைத் தந்திருக்கிறான் தம்பி என்பது அவர் முடிவு. அதற்குப் பிறகு பேச்சில்லை.

இப்போது மூத்த மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பெரியப்பா வரமாட்டேன் என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். ஏன் என்றும் சொல்லிவிட்டார்.

“இவர் என்ன சொல்லுறார்?” என்று வேப்பமரத்தைக் காட்டிக் கேட்டேன்.

“நான் மாத்தேல்லை எண்டு ஒருக்காச் சொன்னவர். அதோட சரி. என்னட்டயும் ஒண்டும் கதைக்கிறேல்லை. மணிக்கூட்டை அலுமாரிக்குள்ள போட்டுப் பூட்டிப்போட்டார். இண்டைக்கும் நான் அழுத அழுகையிலதான் கூட்டிக்கொண்டு வந்தவர்.”

தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். இந்த அண்ணன் ஒரு கடைக்காரன் தலையை ஆட்டினதுக்கே அஞ்சிவிட்டார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, ஒற்றைக்கண் பூதக்கண்ணாடியை மாட்டினேன்.

முதலில் நான் எதையும் திறப்பதில்லை. கையில் கொஞ்ச நேரம் வைத்திருப்பேன். பாரம், சங்கிலி அசைகிற சத்தம், முள் நகர்கிற விதம் எல்லாம் கைக்கும் காதுக்கும் முதலில் விளங்கும். பிறகு சங்கிலியைக் கழற்றினேன். சங்கிலி மறைத்த இடத்தில் இலக்கம் வெட்டியிருக்கும். கள்ளச் சாமானில் அந்த இலக்கம் அமிலம் தின்றதுபோலச் சொரசொரப்பாகக் கிடக்கும். உண்மையானதில் எழுத்தின் விளிம்பில் வெளிச்சம் பட்டு மின்னும். இதில் மின்னியது. அந்த இலக்க வரிசை எண்பதுகளின் தொடக்கத்துக்கு உரியது. பின்மூடியைத் திறந்தேன். மூடியின் உட்புறத்தில் இருந்த குறியும் அந்தக் காலத்தையே சொன்னது. இயந்திரமும் அதற்கேற்றது, ஒரு சில்லுகூட வெளியாள் இல்லை. உடம்பும் மூடியும் இயந்திரமும் ஒன்றாகப் பிறந்து ஒன்றாக வயதுபோனவை.

எண்ணெய் மட்டும் சுவிஸ் எண்ணெய் இல்லை. தையல் மெசின் எண்ணெய், மஞ்சளாகக் காய்ந்து பிசுபிசுத்தது. எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி வராது. பற்றரியில் ஓடிய மணிக்கூடுகள் எல்லாம் செத்துப்போய்க் கிடந்தபோது, கை ஆட ஆடத் தானே முறுக்கிக்கொள்ளும் இப்படியானவைதான் நேரம் காட்டின. ஓடுகிற சாமானுக்கு எண்ணெய் வேண்டும். இருந்த எண்ணெயைத்தான் விடுவார்கள். கொழும்பில் இருப்பவருக்கு அது ஊத்தை. எனக்கு அது இந்த மணிக்கூடு எந்தக் காலத்தில் எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி.

பிறகு முகத்துக்கு வந்தேன். அங்கேதான் சிக்கல் இருந்தது.

ஆறு மணிக்குக் கீழே, விளிம்போடு ஒட்டி, நுணுக்கமான எழுத்தில் ஒரு குறி உண்டு. இருட்டில் தானே ஒளிரும் பூச்சு பூசிய முகம் என்பதற்கு அந்தக் காலத்தில் போட்ட அடையாளம் அது. அடையாளம் இருந்தது, பூச்சைக் காணவில்லை. மணிக்கொரு புள்ளி இருக்க வேண்டிய இடங்களில் மங்கலான வட்டம் மட்டும் கிடந்தது. பூச்சு நிரம்பியிருக்க வேண்டிய முள்ளின் நடுப்பள்ளம் வெறுமையாக இருந்தது.

கொழும்புக் கடைக்காரரில் நான் பிழை சொல்ல மாட்டேன். “முகத்தில் கை வைத்திருக்கிறார்கள், இதை நான் வாங்க மாட்டேன்” என்று அவர் சொல்லியிருப்பார். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் வாங்க மாட்டேன் என்பது வேறு, கள்ளச் சாமான் என்பது வேறு. விமானத்துக்கு ஓடுகிற அவசரத்தில் அண்ணன்காரர் அந்த வித்தியாசத்தைக் காதில் வாங்கவில்லை.

காசுத்தாள் சோதிக்கிற ஊதா விளக்கை எடுத்து, கையால் மறைப்புக் கட்டி, முள்ளின் மேல் பிடித்தேன். பள்ளத்தின் மூலையில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டு பூச்சுத் துகள்கள் மெல்லப் பச்சையாகத் தெரிந்தன. விளக்கை எடுத்ததும் அதே கணத்தில் அணைந்தன. புதுப் பூச்சு என்றால் கொஞ்ச நேரமாவது மினுங்கும். உடனே அணைவது பழைய பூச்சு, மணிக்கூட்டின் வயதுதான் அதற்கும். வட்டங்களைப் பெருப்பித்துப் பார்த்தேன். ஊசி முனையால் சுரண்டியிருந்தது. ஒரு கீறல்கூட வட்டத்துக்கு வெளியே போகவில்லை. கை தெரிந்த ஒருவர் பொறுமையாக இருந்து செய்த வேலை.

எனக்கு மண்டை விறைத்தது. கள்ளச் சாமான் செய்கிறவன் புள்ளி வைப்பான், இருக்கிற புள்ளியை எடுக்க மாட்டான். பழையதைப் புதிதாக்கி விற்க நினைப்பவன் புதுப் பூச்சுப் பூசுவான், வெறுமையாக விட மாட்டான். நல்ல மணிக்கூட்டைத் திறந்து, வெளிச்சத்தை மட்டும் எடுத்துவிட்டு, திரும்ப மூடிக் கட்டிக்கொண்டு போனவர் யார்?

கைபேசியில் படம் பிடித்துப் பெருப்பித்து அக்காவிடம் காட்டினேன்.

“அக்கா, இதில இருந்த மினுங்கிற சாமானை ஆரோ சுரண்டி எடுத்திருக்கினம். உங்களுக்கு ஏதும் தெரியுமோ?”

அவ படத்தைப் பார்த்தா. கை வாய்க்குப் போனது.

“ஐயோ, இதாலையோ? இதுக்கோ ஒறிஜினல் இல்லையெண்டவை?”

“ஆர் அக்கா சுரண்டினது?”

“நான்தான் சுரண்டுவிச்சனான், தங்கச்சி.” அவவின் குரல் இறங்கிவிட்டது. “மூத்தவள் அப்ப கைப்பிள்ளை. இரவில வண்டு வந்து மேல சுத்திக்கொண்டே இருக்கும். பங்கருக்குள்ள விளக்கும் இல்லாமல் பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு இருப்பன். இவர் பிள்ளையைத் தடவக் கையை நீட்டேக்க இந்த மணிக்கூடு பச்சையா மினுங்கும். மேல இருக்கிறவனுக்கு இது தெரிஞ்சிட்டா எண்டு எனக்கு நெஞ்சு பதறும். கழட்டி வையுங்கோ எண்டா, அண்ணையின்ர சாமான், ஓடவேண்டி வந்தா விட்டிட்டு ஓடிடுவன், கையிலயே கிடக்கட்டும் எண்டார். ஒரு நாள் இவர் குளிக்கப் போன நேரம் எடுத்துக்கொண்டு போய், மல்லாவியில மணிக்கூடு திருத்திறவரிட்டக் குடுத்து, மினுங்கிறதெல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ எண்டனான். அவரும் ஏனெண்டு கேக்கேல்லை. அந்த நேரம் ஒருத்தரும் கேக்க மாட்டினம்.”

“இவருக்குத் தெரியுமோ?”

“பின்ன? வந்து பாத்திட்டு ரெண்டு மூண்டு நாள் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. பிறகு நாங்கள் அதை மறந்தே போனம். எங்களுக்கு அதுதான் இந்த மணிக்கூட்டின்ர முகம்.”

வண்டு என்று வன்னியில் சொல்வது ஆளில்லாத வேவு விமானத்தை. பதுங்குகுழியில், மண்மூடைக்கும் பனங்குற்றிக்கும் கீழே ஒரு புருசனின் கையில் மினுங்கிய கடுகளவு பச்சை, ஆகாயத்தில் போகிறதுக்குத் தெரியாது. வேறு எங்கேயாவது வளர்ந்தவள் என்றால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். வரவில்லை. விமானச் சத்தம் கேட்டதும் கொடியில் காய்ந்த வெள்ளைப் பள்ளிச் சட்டைகளை இழுத்து அண்டாவுக்குள் போட்டு மூடி வைத்தவள் என் அம்மா. வெள்ளை மேலே தெரியுமாம்.

தண்ணீர் புகுந்த முகம் எப்படி இருக்கும், வெயிலில் வெளிறிய முகம் எப்படி இருக்கும் என்று கொழும்பில் கற்றுக்கொண்டேன். குண்டுக்குப் பயந்து வெளிச்சத்தைச் சுரண்டிய முகம் என்று ஒன்றை யாரும் எனக்குக் காட்டவில்லை. அதை வாசிக்க அந்த மேசையும் வேண்டும், இந்த மண்ணும் வேண்டும். இரண்டும் என்னிடம் இருந்தன. அந்த நேரத்தில் என்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் கண் வைத்துவிடுவீர்கள்.

அக்காவின் கைபேசியிலேயே நோர்வேக்கு எடுக்கச் சொன்னேன். அவர் எடுக்கவில்லை. என்னுடையதில் எடுத்தேன். தெரியாத இலக்கம் என்றதும் எடுத்தார். திரையில் நரைத்த தலை, பின்னால் மூடுபனி யன்னல். நான் யார், மேசையில் கிடப்பது என்ன என்று சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி மணிக்கூட்டைப் பற்றியதல்ல.

“பிள்ளை எந்த ஊர்?”

“மாங்குளம்.”

“அது சரி. அதுக்கு முந்தி?”

“அதுக்கு முந்தி அம்மாவின்ர வயிறு, ஐயா. மணிக்கூட்டைப் பற்றிக் கதைப்பமோ?”

“சரி, சொல்லுங்கோ” என்றார் அவர்.

சொன்னேன். கைபேசியைப் பூதக்கண்ணாடிக்கு மேல் பிடித்து, இலக்கம், மூடி, இயந்திரம், ஊதா வெளிச்சத்தில் பச்சையாகி அணைகிற துகள்கள் எல்லாவற்றையும் காட்டினேன். நீங்கள் கப்பலில் இருந்தபோது வாங்கிய வயதுக்கு எல்லாம் பொருந்துகிறது, கள்ளச் சாமான் ஒன்றும் இதற்குள் இல்லை, சுரண்டினபடியால் வாங்குகிறவர்கள் யோசிப்பார்கள், அதையும் மறைக்க மாட்டேன் என்றேன்.

அவர் லேசில் விடவில்லை. “தம்பியின்ர மனுசியும் உங்களுக்குப் பக்கத்திலதான் இருக்கிறா. ஊராள் ஊராளுக்குத்தானே சொல்லுவியள்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, என்ர வாயில இருந்து ஒறிஜினல் எண்டு ஒரு சொல் வாறதுக்கு ஆக்கள் கொழும்பில இருந்து இஞ்ச பொதி அனுப்பினம். பொய்யான சாமானைப் பொய்யெண்டு சொன்னதுக்கு இந்தக் கடைக்குக் கல்லும் விழுந்திருக்கு. உங்கட தம்பிக்காக அந்தச் சொல்லை நான் விக்கமாட்டன். நம்பாட்டி கொழும்புக் கடைக்காரரையே திருப்பிக் கேளுங்கோ, உள்ளுக்கிருக்கிற இயந்திரம் கள்ளமோ எண்டு. அப்பிடிச் சொன்னாரெண்டா நான் இந்த மேசையை மடக்கி வைக்கிறன்.”

அவர் யோசித்தார். “அவன் இயந்திரத்தைத் திறந்து பாக்கேல்லை” என்றார் மெதுவாக. “முகத்தைப் பாத்திட்டுத்தான் சொன்னவன்.”

அக்கா கைபேசியை என் கையிலிருந்து வாங்கினா.

“அத்தான், அந்த முகத்தை நான்தான் பழுதாக்கினனான். பங்கருக்குள்ள மினுங்குதெண்டு, பிள்ளைக்கு மேல குண்டு போடப்போறாங்கள் எண்டு பயந்து. இப்ப கலியாணம் நடக்கப்போறவள்தான் அந்தப் பிள்ளை. கோவிக்கிறதெண்டா என்னைக் கோவியுங்கோ.”

திரையில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, “தம்பி எங்க? அவனைக் கூப்பிடு” என்றார்.

நான் வாசலில் நின்று கை காட்டினேன். புருசன் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வந்து, கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் வராமலே நின்றார். அக்கா கைபேசியை அவர் பக்கம் திருப்பினா.

“ஏன்ரா?” என்றார் அண்ணன். “அண்டைக்குக் கொழும்பில நிண்டு போன் எடுத்து, முகத்தில என்னடா செய்தனி எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டனான். இவ்வளவுதான் விசயமெண்டா ஒரு சொல் சொல்லியிருக்கலாமே.”

அக்கா புருசனைப் பார்த்தா.

“முகத்தைப் பற்றிக் கேட்டவரோ? ஒறிஜினல் இல்லையெண்டு அண்ணை சொல்லுறார் எண்டு மட்டும்தானே நீங்கள் எனக்குச் சொன்னனீங்கள்?”

அவர் தலைக்கவசத்தின் வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டவர்தான்.”

“அப்ப எதாலை இந்தக் கதையெல்லாம் வந்ததெண்டு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சோ இவ்வளவு நாளும் கள்ளன் பட்டத்தைச் சுமந்துகொண்டு திரிஞ்சனீங்கள்?”

“உன்னைச் சொன்னா, அண்ணையின்ர சாமானைப் பழுதாக்கினவள் எண்டு சொந்தமெல்லாம் உன்னைக் கதைக்கும்” என்றார் அவர். “கலியாண வீட்டில பெம்பிளையின்ர தாய் எல்லாற்ற முகத்தையும் பாத்துக்கொண்டு முன்னுக்கு நிக்கவேணும். நான் பந்தலுக்குப் பின்னால நிண்டாலும் போதும்.”

அக்கா கைபேசியை மேசையில் போட்டுவிட்டு, கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டா. “விசர் மனுசன்,” என்றா. “விசர் மனுசன்.” அடித்த கையை எடுக்காமல் அந்தத் தோளிலேயே தலையை வைத்து அழத் தொடங்கினா. அவர் தலைக்கவசத்தை என் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

மேசையில் மல்லாந்து கிடந்த கைபேசியிலிருந்து, “தம்பி, நான் வாறன்ரா, முன்னுக்கு நிண்டு செய்வம், கேக்குதோ தம்பி” என்று குரல் வந்துகொண்டே இருந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் அது கேட்கவில்லை.

நான் கைபேசியை எடுத்தேன்.

“ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. இவ்வளவு நாளும் அவர் பொறுத்தவர்” என்றேன்.